ரிவர்ஸில் மேடேறிய கார்

வணக்கம் ஐயா,

மிச்சிகனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, டியர்பார்ன் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் பழைய ஃபோர்டு மாடல் டி காரில் ஒரு சுற்று வந்தேன். ஓட்டியவர் காலடியில் மூன்று பெடல். ஆனால் வேகம் கூட்டியது கையால்! அடுத்து வந்த மாடல் ஏ இதையே கொஞ்சம் திருத்திச் செய்ததுதான் என்கிறான் மகன். அப்படியா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

‘கொஞ்சம்’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். டி-யில் பழகிய கால், ஏ-யில் ஏறினால் கற்றதையெல்லாம் மறக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த இடது பெடல்தான் கியர். முழுக்க மிதித்தால் லோ, பாதியில் நியூட்ரல், காலை எடுத்தால் டாப். இரண்டே கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ். நம் கால் ஆக்சிலேட்டரைத் தேடும் வலது கோடியில் பிரேக்; அதுவும் சக்கரத்தைத் தொடாது, கியர்பெட்டியைத்தான் பிடிக்கும். ஆக்சிலேட்டர், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் போகாது. அப்புறம் என்ன? டேங்க் இன்ஜினைவிட மேலே இருக்கும்படி வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏறினார்கள்.

1927 டிசம்பரில் வந்த ஏ-யில் டேங்க் டாஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்துக்குப் போய்விட்டது. முழங்காலுக்கு மேலே பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்று நினைத்தால் பகீரென்கிறது; ஆனால் மேட்டில் நேராகவே ஏறலாம். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று இன்றைய வரிசை, மூன்று கியர், நான்கு சக்கரத்துக்கும் பிரேக். 20 குதிரைசக்தி 40 ஆனது.

கம்பெனியே இதைப் புதுக்கணக்காகத்தான் எழுதியது. டி-க்கு அடுத்த எழுத்தை எடுக்காமல் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கினார்கள். (1903-ல் வந்த முதல் ஃபோர்டும் மாடல் ஏ-தான். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஹென்றி ஃபோர்டுக்கு டி-யை விட மனமே இல்லை. போட்டிக் காரான செவர்லே விற்பனையில் நெருக்கியது, மகன் எட்செல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், 1.5 கோடி வண்டிக்குப் பிறகு 1927 மே மாதம் நிறுத்தினார். அடுத்த கார் அப்போது தயாராகவே இல்லை. மாதக்கணக்கில் உற்பத்தி நின்றுபோனது.

ஓட்டக் கொடுத்தால் நான் ஏ-யைத்தான் எடுப்பேன். உங்கள் மகன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: இக்னிஷன் நேரத்தை, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழும் நேரத்தை, கையால் மாற்றும் லீவர் ஏ-யிலும் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் அப்படியே இருந்தது. டி-யில் அதை மேலே தள்ள மறந்து, இன்ஜினைக் கிளப்ப முன்னாலிருக்கும் கிராங்க் கம்பியைக் கையால் சுற்றியவர்களில் பலர், அது திருப்பி உதைத்ததில் கையை முறித்துக்கொண்டார்கள். ஏ-க்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் இருந்ததால் கை தப்பியது.