புரொட்யூசர் சொன்னால் கேட்கவேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறோம். எல்லாம் சொந்தப் பாடல்கள். முதல் ஆல்பத்துக்கு, ரெக்கார்டிங்கை வழிநடத்த ஒரு புரொட்யூசரை அமர்த்தினோம். வந்ததுமே ஒரு பாட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். இன்னொன்றைத் தூக்கிவிடச் சொன்னார். ஒரு பாட்டுக்கு எங்கள் டிரம்மருக்குப் பதிலாக வேறு ஆளை வாசிக்கவைக்கலாம் என்கிறார். எழுதியது நாங்கள், வாசிப்பது நாங்கள், காசும் எங்களுடையது. இதையெல்லாம் சொல்ல அவர் யார்? குழுவுக்குள் சண்டையே வந்துவிட்டது. பழைய ராக் இசையைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வந்த சிக்கல்கள் எல்லாமே 1962-ல் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவுக்கும் வந்தன.

அந்த ஜூனில் அவர்கள் லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவுக்குப் போனபோது, டெக்கா ரெக்கார்ட் கம்பெனி ஏற்கெனவே அவர்களை வேண்டாம் என்று அனுப்பியிருந்தது. இங்கே ஈ.எம்.ஐ.யின் பார்லோஃபோன் லேபிளின் தலைவர் ஜார்ஜ் மார்ட்டின். அவர்களுக்குப் புரொட்யூசரும் அவரே. ராக் உலகத்து ஆளே இல்லை. மேற்கத்திய செவ்வியல் இசையை முறையாகப் படித்தவர், ஓபோ என்ற குழல் கருவி வாசிப்பவர், நகைச்சுவை ரெக்கார்டுகளால் பேர் வாங்கியவர். டிரம்மர் பீட் பெஸ்ட்டின் வாசிப்பு அவருக்குத் திருப்தியாக இல்லை. ரெக்கார்டிங்குக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆகஸ்டில் குழுவே பெஸ்ட்டை அனுப்பிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது. செப்டம்பரில் ரிங்கோ ஸ்டூடியோவுக்குள் வந்தால், ரெக்கார்டிங்குக்கு மட்டும் கூலிக்கு வாசிக்கும் ஆண்டி ஒயிட் என்ற செஷன் டிரம்மர் உட்கார்ந்திருக்கிறார்! அன்று ‘லவ் மீ டூ’ பாட்டில் ரிங்கோ கைக்குக் கிடைத்தது டாம்பரின் என்ற சின்னக் கைத்தாளக் கருவிதான். அந்த வருத்தம் அவருக்குப் பல வருஷம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டாக, முதலில் வெளிவந்தது சில நாள் முன்பு ரிங்கோ டிரம்ஸ் வாசித்துப் பதிந்த டேக் (ஒருமுறை வாசித்த பதிவு). இதை உங்கள் டிரம்மரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது பாட்டுத் தேர்வு. குழுவைச் சேராத மிட்ச் மரே எழுதிய ‘ஹவ் டூ யூ டூ இட்’ பாட்டை மார்ட்டின் கொண்டுவந்து கொடுத்தார், இது நிச்சயம் ஓடும் என்று. பையன்கள் வேண்டாவெறுப்பாக வாசித்துப் பதிந்தார்கள், அப்புறம் சொந்தப் பாட்டுதான் வெளிவரவேண்டும் என்று நின்றார்கள். மார்ட்டின் இறங்கிவந்தார். ‘லவ் மீ டூ’ பிரிட்டனில் 17-ஆம் இடம் வரை போனது. மறுவருஷம் அதே மரே பாட்டை ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் என்ற இன்னொரு குழு பாட, அது முதலிடத்துக்குப் போனது. ஆக, பாட்டு ஓடும் என்ற மார்ட்டினின் கணிப்பு சரி. இது நம் பாட்டு இல்லை என்ற பீட்டில்ஸின் பிடிவாதமும் சரி.

வேகம்? ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டை, குழுவின் ஜான் லெனன் அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன் பாணியில் மெதுவாகத்தான் எழுதியிருந்தார். மார்ட்டினுக்கு அது இழுவையாகப்பட்டது, வேகத்தைக் கூட்டச் சொன்னார். நவம்பர் 26 அன்று வேகமாக வாசித்துப் பதிந்தார்கள். பல பட்டியல்களில் முதலிடம்.

இதில் நான் கவனிப்பது, எந்தச் சண்டையும் வாய்ப்பேச்சில் முடியவில்லை என்பதைத்தான். வாசித்தார்கள், பதிந்தார்கள், போட்டுக் கேட்டார்கள். 1965-ல் ‘யெஸ்டர்டே’ பாட்டுக்கு வயலின், செல்லோ வாசிக்கும் நால்வர் குழு ஒன்றை வைக்கலாம் என்று மார்ட்டின் சொன்னபோது, பாட்டை எழுதிய பால் மெக்கார்ட்னி தயங்கினார். வைத்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவோம் என்றார் மார்ட்டின். சுரத்தை நடுங்கவிடும் வைப்ரேட்டோ கூடாது என்று பால் நிபந்தனையும் போட்டார்.

போகப்போக நிலைமை தலைகீழானது. 1966 கடைசியில் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. ஒன்று குழு மட்டும் வாசித்த மென்மையான டேக், இன்னொன்று மார்ட்டின் எழுதிய டிரம்பெட், செல்லோவோடு. லெனனுக்கு முதலாவதின் தொடக்கமும் இரண்டாவதின் முடிவும் பிடித்துவிட்டது, இரண்டையும் ஒட்டித் தரச் சொல்கிறார். சுருதியும் வேறு, வேகமும் வேறு என்றார் மார்ட்டின். நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள் என்று போய்விட்டார் லெனன். நல்ல வேளையாக மெதுவான டேக்தான் சுருதியும் குறைவு. டேப்பின் ஓட்டத்தை ஒன்றில் கூட்டி, மற்றதில் குறைத்ததும் இரண்டும் ஒத்துப்போயின. மார்ட்டினும் எஞ்சினியர் ஜெஃப் எமெரிக்கும் ஒட்டிய இடம் பாட்டின் ஒரு நிமிடத்தில் வருகிறது. நான்கே டிராக், அதாவது தனித்தனியாக நான்கு ஒலித்தடங்கள் மட்டும் பதியும் டேப் இயந்திரங்களின் காலம் அது. இன்றைய மென்பொருளில் இதை யாரும் செய்வார்கள். இவ்வளவு துணிச்சலாக ஒன்றைக் கேட்பார்களா என்பது சந்தேகம்.

புரொட்யூசர் எல்லை மீறுவதும் உண்டு. 1970-ல் ஃபில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கப் புரொட்யூசர், பால் எழுதிய ‘த லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ என்ற பீட்டில்ஸ் பாட்டின் மேல் ஆர்க்கெஸ்ட்ராவையும் பெண்கள் கோரஸையும் பாலைக் கேட்காமலே ஏற்றினார். பால் ஆட்சேபித்துக் கடிதம் எழுதியும் பாட்டு அப்படியே வெளிவந்தது. அவர் கோபத்தின் பக்கம்தான் நான்.

சரி, உங்கள் விஷயம். வேகமான வடிவத்தை ஒருமுறை மனசோடு வாசித்துப் பதியுங்கள், தோற்கடிக்கவென்று வாசிக்காதீர்கள். மறுநாள் இரண்டையும் கேளுங்கள். டிரம்மர் விஷயத்திலும் இரண்டு டேக் எடுங்கள், ஆனால் முடிவை அவரை வைத்துக்கொண்டே பேசுங்கள். கடைசி மிக்ஸுக்கு யார் சம்மதம் வேண்டும் என்பதை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தூக்கச் சொன்ன பாட்டுக்கு மட்டும் நீங்கள் காரணம் எழுதவில்லை. அவர் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா? முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.