திரையில் குதிரை பழக்குபவர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் குதிரையேற்றம் பழகுகிறாள். வீட்டுக்கு வந்தால் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் நிகழ்ச்சிகளே கதி. ஆள் ஏறாத குதிரைக்கு அரை மணி நேரத்தில் சேணம் பூட்டி ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். இவர்களில் யார் கைதேர்ந்தவர், யார் வாய்ச்சொல் வீரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முதலில் டிவியின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள் அம்மா. பாதிப் பேர் பிழைப்பதே பேச்சில்தான். பேச்சு நின்றதும் கண் தானாகக் குதிரையிடம் போகும். பிறகு பயிற்சியாளரின் கையையும் குதிரையின் அசைவையும் சேர்த்துப் பாருங்கள்.

குதிரைக்குப் பாடம் ஏறுவது பெரும்பாலும் அழுத்தம் விலகும் நொடியில். பின்வாங்கச் சொல்லித் தலைக்கயிற்றை அசைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிரை காலை எடுப்பதற்கு முன்பே உடல் எடையைப் பின்பக்கம் சாய்க்கும். தேர்ந்தவர் அந்தச் சாய்விலேயே கயிற்றை விட்டுவிடுவார். தாடைக்குக் கீழே கயிறு தொய்ந்து தொங்குவது திரையில் நன்றாகத் தெரியும். அரைகுறை ஆசாமியோ குதிரை இரண்டடி பின்னால் போன பிறகும் கயிற்றை விறைப்பாகவே பிடித்திருப்பார், கேமராவைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டே. சொன்னதைச் செய்தும் விடுதலை கிடைக்காத குதிரை, அடுத்த முறை தலையைத் தூக்கும், கயிற்றின்மேல் சாயும், இல்லையேல் முட்டும். ஆகவே ஒரே வேலையை மூன்று முறை செய்யச் சொல்லும் காட்சியைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது முறை கையசைவு முதல் முறையைவிடச் சிறியதாக இருந்தால் குதிரை கற்றுக்கொண்டிருக்கிறது. பெரிதாகிக்கொண்டே போனால், அவர் என்ன விளக்கம் கொடுத்தாலும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, வெட்டி ஒட்டிய இடங்கள். ‘அரை மணி நேரம்’ என்பதை மணலில் விழும் நிழலே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காட்சியில் குட்டையாக இருந்த நிழல் அடுத்ததில் நீண்டிருந்தால் இடையில் சில மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. கழுத்திலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் திடீரென்று வியர்வை நுரை தெரிந்தால், காட்டாத நேரத்தில் குதிரையை நன்றாக ஓட்டிக் களைப்படைய வைத்திருக்கிறார்கள். வேலியோரத்தில் மணல் பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் அதே கதைதான். களைத்த குதிரை அடங்கி நிற்கும். மறுநாள் காலை ஓய்வெடுத்துவிட்டு வரும்போது பழைய குதிரையாகவே வரும்.

இடப்பக்கம் மட்டும் காட்டுகிறார்களா என்றும் கவனியுங்கள். இடக்கண்ணால் பார்த்துப் பழகிய பொருளையே வலக்கண் பக்கம் கொண்டுபோனால் பல குதிரைகள் புதிதாக மிரளும். அதனால் நல்ல பயிற்சியாளர் சேணப் போர்வை, கயிறு, கை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பழக்குவார். ஏறும் காட்சியைவிட இறங்கும் காட்சி முக்கியம். கடிவாளவார் தொய்வாக இருக்க, உதவியாள் யாரும் பிடிக்காமல், இறங்கும்வரை குதிரை அசையாமல் நின்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். பல நிகழ்ச்சிகளில் அந்த இடம் வருவதற்குள் கைதட்டலும் பாட்டும் வந்துவிடும்.

ஆள் ஏறிய குதிரை வலியில் இருக்கிறதா என்று பார்க்கவும் ஓர் அளவுகோல் உண்டு. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட பட்டியலில் 24 அறிகுறிகள் உள்ளன. காது 5 நொடிக்கு மேல் பின்னால் மடிந்திருப்பது, பல் விலகும்படி வாயைத் திறந்து மூடுவது 10 நொடிக்கு மேல் நீடிப்பது, வாலை ஓயாமல் வீசியடிப்பது, 5 நொடிக்கு மேல் வெறித்த பார்வை போன்றவை. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குதிரையை ‘பிடிவாதக்காரன்’ என்று திட்டும் பயிற்சியாளரை உங்கள் மகள் பார்க்காமல் இருப்பதே நல்லது.

ஒரே மாதிரி குதிரை, ஒரே நேர வரம்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் கென்டக்கியில் நடக்கும் ‘ரோட் டு தி ஹார்ஸ்’ போட்டி உதவும். ஆளை ஏற்றாத இளங்குதிரையை மூன்று நாளில் பழக்கி, கடைசி நாளில் தடைகளுக்கிடையே ஓட்டிக்காட்ட வேண்டும். பயிற்சியாளரின் அணுகுமுறைக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ஆனாலும் அது போட்டி. வீட்டுக் குதிரைக்கு மூன்று நாள் கெடு வைக்க எந்த அவசியமும் இல்லை.

கேள்வி: வட்ட வேலிக்குள் குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது உதட்டை நக்கி, தலையைத் தாழ்த்தி, பயிற்சியாளரின் பின்னாலேயே நடக்கிறது. ‘என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது’ என்கிறார். உண்மையா?
– வாசகர், செந்தூல்

பதில்: பின்னால் வருவது உண்மை. காரணம் அவர் சொல்வதாக இருக்க வேண்டியதில்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே சோதனையை ஆளுக்குப் பதிலாக ஒரு ரிமோட் கண்ட்ரோல் காரை வைத்துச் செய்து, 2012-இல் முடிவைச் சொன்னார்கள். குதிரை விலகிப் போனால் கார் துரத்தும். காரை நோக்கித் திரும்பினால் துரத்தல் நிற்கும். குதிரைகள் காரையும் நெருங்கி வரப் பழகின. காரைத் தலைவன் என்று எந்தக் குதிரையும் நினைத்திருக்காது தம்பி! ஓடினால் தொல்லை, பக்கத்தில் வந்தால் நிம்மதி, அவ்வளவுதான் கணக்கு.

உதட்டை நக்குவதும் சம்மதம் அல்ல. பதற்றத்தில் உலர்ந்த வாயில் பதற்றம் தணியும்போது எச்சில் ஊறுவதால் பெரும்பாலும் அப்படிச் செய்கிறது. இந்த முறையே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. குதிரை திரும்பிப் பார்த்த உடனே துரத்துவதை நிறுத்தி, இரண்டு மூன்று சுற்றில் முடித்தால் பயன் உண்டு. இருபது நிமிடம் விரட்டுபவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

கேள்வி: குதிரைமேல் தார்ப்பாயைப் போர்த்தி, படபடவென்று அடிக்கிறார்கள். அது சிலை மாதிரி நிற்கிறது. பயம் தெளிந்துவிட்டதா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சிலை மாதிரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சந்தேகப்பட அதுவே போதும். பயம் தெளிந்த குதிரை கண் சிமிட்டும், காதைத் திருப்பும், தலை தாழும், ஒரு பின்னங்காலுக்கு ஓய்வு கொடுத்து நிற்கும். தப்ப வழியில்லாமல் உறைந்த குதிரைக்குத் தலை உயர்ந்திருக்கும், மூக்கும் தாடையும் இறுகியிருக்கும், கண் சிமிட்டாது. விலாவைப் பார்த்து 15 நொடி மூச்சை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை வரும். அசையாமல் நின்றும் 40, 50 என்று ஓடினால் அது அமைதி அல்ல. சரியான முறையில், தார்ப்பாய் தூரத்தில் இருந்து தொடங்கும். குதிரை ஓரிரு நொடி நிதானித்ததும் விலகும். அடுத்த முறை ஓரடி நெருங்கும்.

கேள்வி: டிவி பயிற்சியாளர்கள் விற்கும், குதிரையின் தலையில் மாட்டும் முடிச்சுப் போட்ட கயிறும் கைத்தடியும் வாங்க வேண்டுமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: வேண்டாம். மெல்லிய கயிறும் முடிச்சும் மூக்கெலும்பில் அழுத்தத்தைக் கூட்டும், அவ்வளவே. கை சரியில்லாதவரிடம் அது ஆபத்து. வாங்கியே தீருவீர்கள் என்றால், அதைப் போட்டுக் குதிரையைக் கட்டிவைக்க மட்டும் வேண்டாம். மிரண்டு இழுத்தால் அறாது, கழுத்துதான் அடிபடும்.

கேள்வி: பினாங்கு டர்ஃப் கிளப்பில் 2025 மே மாதத்தோடு பந்தயம் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றை எடுக்க நினைக்கிறோம். டிவி பயிற்சி முறை இதற்குச் சரிவருமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: அந்த நிகழ்ச்சிகளில் பாதி, ஆள் ஏறாத குதிரைக்கானவை. பந்தயக் குதிரைக்கு ஆள் ஏறுவது புதிதல்ல. ஆள் கட்டை மீது நின்று ஏறும்வரை அசையாமல் காத்து நிற்பதுதான் புதிது. லாயத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். கடிவாளவாரை இறுக்கிப் பிடித்தால் ‘ஓடு’ என்றே பலதும் புரிந்துகொள்ளும். எனவே நடை, நிறுத்தம், தொய்வான வார் என்று நிதானமாகத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் பல், முதுகு, கால் தசைநாண், வயிற்றுப் புண் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் சர்வ சாதாரணம். சிறிய வட்ட வேலிக்குள் விரட்டுவது பழைய கால் காயங்களைக் கிளப்பிவிடும்.

டெக்ஸஸ் வறண்ட வெயிலில் எடுத்த படத்தை வைத்து நம் ஊரில் வேலை நேரத்தை முடிவு செய்யாதீர்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. வேலையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வேலை செய்த பிறகும் தோல் உலர்ந்து, மூக்குத் துளை விரிந்து மூச்சு வாங்கினால் அடுத்த சுற்று ஓட்டாதீர்கள். நிழலில் நிறுத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், குடிக்கவும் கொடுங்கள், மருத்துவரை அழையுங்கள்.