சபைக்காரர்தானே, ரசீது எதற்கு?

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கடலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை பெரும்பாலானவை பெரிய கிறிஸ்தவக் குடும்பங்களிடமிருந்து. ஏழு பிள்ளைகள், ஒன்பது பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி, கல்யாணம் ஆகாத ஒரு அத்தை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஜெபக் குறிப்புகளை வெட்டியதற்கு மன்னிக்கவும், இடமில்லை.

கேள்வி: எங்களுக்கு ஒன்பது பிள்ளைகள். மாமனார் மாமியாரோடு சேர்த்து 13 பேர். '12 பேர் தங்கலாம்' என்று போட்டிருந்த கடற்கரை வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்தோம். கைக்குழந்தையைக் கணக்கில் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் படுக்கையறை மூன்றுதான், மீதிப் பேருக்கு ஹாலில் சோபா கட்டில். குளியலறை ஒன்றே ஒன்று. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தைப் படித்தேன். சோபா கட்டில், குளியலறை எண்ணிக்கை எல்லாம் படங்களுக்குக் கீழே எழுதித்தான் இருக்கிறது. நீங்கள் படத்தோடு நின்றுவிட்டீர்கள். '12 பேர் தங்கலாம்' என்றால் 12 பேர் எங்காவது முதுகைச் சாய்க்கலாம், அவ்வளவுதான். 12 பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றோ, ஞாயிறு காலையில் 12 பேரும் குளித்துவிட்டு ஆராதனைக்கு நேரத்தோடு கிளம்பலாம் என்றோ யாரும் சொல்லவில்லை. ஒரு குளியலறையில் ஆளுக்கு 10 நிமிடம் என்றாலே 2 மணி நேரம். அடுத்த முறை முன்பணம் கட்டும் முன் கட்டில் எத்தனை, குளியலறை எத்தனை, சாப்பாட்டு மேஜைக்கு நாற்காலி எத்தனை, கைக்குழந்தை தலைக்கணக்கில் வருமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்புறம் அந்தப் பதின்மூன்றாவது ஆள். ஆள் வரம்பைப் பல இடங்களில் தீப் பாதுகாப்பையும் கழிவுநீர்த் தொட்டியின் கொள்ளளவையும் பார்த்து வைக்கிறார்கள். குழந்தையை மறைத்துவிட்டுப் புகார் கொடுத்தால், வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

கேள்வி: 'கடல் தெரியும் அறை' என்று கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். குளியலறை ஜன்னலில் எக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது.

பதில்: தெரிகிறதல்லவா? 'கடலை ஒட்டி' என்பது வேறு வார்த்தை, அதற்கு வேறு விலை.

கேள்வி: 11 பேருக்கு ஒரு வாரத்துக்கு ஒரு பெரிய சன்ஸ்கிரீன் பாட்டில் போதுமா? எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 100 வாங்கினால் ஒரு தடவை பூசினால் போதும் என்கிறார்களே?

பதில்: யார் சொன்னது? உடம்பு முழுக்கச் சரியாகப் பூச ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 மில்லியாவது வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து ஏறினால் மறுபடியும். 200 மில்லி பாட்டில் ஆறு ஏழு பூச்சில் தீர்ந்துவிடும், அதாவது உங்கள் வீட்டில் முதல் நாள் காலையிலேயே. எஸ்பிஎஃப் 30 புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதத்தை. அதற்கு மேல் பெரிய எண்ணுக்குப் பெரிய காசு கொடுப்பதைவிட எல்லோருக்கும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்குங்கள். மூத்தவனுக்கு வாங்கியது கடைசிப் பிள்ளை வரை ஓடும்.

கேள்வி: எங்கள் சபைச் சகோதரர் ஒருவர், ஆறு குடும்பங்கள் சேர்ந்து கடற்கரையில் ஐந்து நாள் தங்க ஏற்பாடு செய்வதாகப் பணம் வாங்கினார். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது விடுதிக்குப் போன் செய்தால், எங்கள் பெயரில் எதுவும் பதிவாகவே இல்லை. அவரைக் கேட்டால் 'ஜெபியுங்கள், கர்த்தர் வழி திறப்பார்' என்கிறார். போலீசுக்குப் போகலாம் என்றால், விசுவாசிமேல் விசுவாசி வழக்குக்குப் போகக் கூடாது என்று மூப்பர்கள் தடுக்கிறார்கள். பிள்ளைகள் பெட்டி கட்டிவிட்டார்கள்.

பதில்: பெட்டி கட்டிய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை அம்மா. ஏமாந்ததில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம், வெட்கப்பட வேண்டியவர் வேறு ஆள்.

முதலில் செய்ய வேண்டியது. ஆறு குடும்பமும் இன்றே உட்கார்ந்து யார், எவ்வளவு, எந்தத் தேதியில், எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அவர் அனுப்பிய செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள். வங்கி வழியாகப் போன பணம் என்றால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள், ஒவ்வொரு நாளும் முக்கியம். இந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் ஆறு பேரும் சேர்ந்து புகார் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் 'குடும்பத் தகராறு' என்று அனுப்பிவிடுவார்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன், கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால், அது இரண்டாவது திருடன்.

இனி மூப்பர்கள். அவர்கள் காட்டுவது பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரம். முதல் வசனத்தோடு மூடிவிடுகிறார்கள். 5-ஆம் வசனத்தில், வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகமுள்ளவன் ஒருவன்கூட இல்லையா என்று பவுல் கேட்கிறார், அதாவது சபை தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உங்கள் மூப்பர்கள் விசாரித்தார்களா? 8-ஆம் வசனத்தில் சகோதரனையே நஷ்டப்படுத்துகிறவர்களைக் கண்டிக்கிறார். நடுவில் 7-ஆம் வசனம், நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறதே என்பார்கள். பொறுப்பதா வேண்டாமா என்பது காசை இழந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு காசும் இழக்காத மூப்பர் அதை உங்களுக்காக எடுக்க முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் கோபம் உண்டு. 1999-இல் அமெரிக்காவில் பாப்டிஸ்ட் சபை சார்ந்த நிதி அமைப்பான பாப்டிஸ்ட் பவுண்டேஷன் ஆஃப் அரிசோனா திவாலானபோது மாட்டிக்கொண்ட முதலீட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல், பலர் வயதானவர்கள். நம்மவர்கள் நடத்துவது என்ற ஒரே தைரியத்தில் போட்ட பணம். ஊர் பேர் தெரியாத கடைக்காரரிடம் பில் இல்லாமல் நகர மாட்டோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவரிடம் மட்டும் கேட்டால் அவிசுவாசம் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம், அதைத் தெரிந்துதான் ஏமாற்றுகிறவன் முதல் பெஞ்சில் வந்து உட்காருகிறான். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் பவுல் கூட்டிக்கொள்கிறார், 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. விடுதி புக் செய்கிற சகோதரர் ஒரு ரசீது எழுதித் தந்தால் குறைந்துபோவாரா?

கேள்வி: 2027 ஈஸ்டர் வாரத்துக்கு, பணம் திரும்பாத சலுகையில் ஏப்ரல் முதல் வாரம் வீடு எடுத்துவிட்டேன். இப்போது தேதி தவறு என்கிறார்கள்.

பதில்: 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் மார்ச் 28. மேற்கத்திய சபைகளுக்கு அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். காலண்டர் பார்க்காமல் 'பணம் திரும்பாது' என்ற பெட்டியில் டிக் அடித்தவருக்கு என்ன சொல்ல? தேதியை மாற்றித் தர முடியுமா என்று வீட்டுக்காரரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஈஸ்டரை வீட்டில் முடித்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

கேள்வி: ஒன்றரை மணி நேரம் பேச்சு கேட்டால் குடும்பத்துக்கே இரண்டு இரவு இலவசம் என்கிறார்கள். போகலாமா?

பதில்: வேண்டாம். நான் போனேன். ஒன்றரை மணி நேரம் ஐந்து மணி நேரம் ஆனது, பிள்ளைகள் அழுதன, வெளியே வந்தால் போதும் என்று டைம்ஷேரில், அதாவது விடுதியை வருடத்தில் சில நாள் மட்டும் பயன்படுத்தும் உரிமைக்கு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டேன். சொந்தக் காசில் சூனியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதிலிருந்து விலக 14 நாள் தருகிறார்கள். நான் கையெழுத்திட்ட தாளில் அப்படி ஒரு வரியே இல்லை.

கேள்வி: பிள்ளைகளுக்குக் கையில் மாட்டும் காற்றுப் பட்டை கடலுக்குப் போதுமா? லைஃப் ஜாக்கெட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் அடுத்த வருடமும் ஆகும் அல்லவா?

பதில்: முதல் கேள்விக்கும் இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை. காற்றுப் பட்டை உயிர் காக்கும் பொருளே அல்ல. பெரிய சைஸ் ஜாக்கெட் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து, கால்களுக்கு இடையே போகும் பட்டையோடு வாங்குங்கள். ஜாக்கெட் எவ்வளவு மிதக்க வைக்கும் என்பதை நியூட்டனில் போட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்று போட்டது நீச்சல் தெரிந்தவருக்கு. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 100. எதை மாட்டினாலும் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். ஒன்பது பிள்ளைகள் என்றால் முறை போட்டு நில்லுங்கள். 'யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்' என்று எல்லோரும் நினைக்கும் வீட்டில்தான் யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: மணலில் உட்கார்ந்து மாலை ஜெபம் நடத்துவோம். பாட்டுக்குத் தண்ணீர் புகாத ஸ்பீக்கர் எது நல்லது?

பதில்: ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். உப்புக்கும் மணலுக்கும் அதில் உத்தரவாதம் இல்லை. அது தெரியாமல் நான் வாங்கியது இரண்டாம் நாள் மாலை, பாட்டின் மூன்றாம் சரணத்தில் நின்றுபோனது. மீதியை என் மாமியார் எடுத்துப் பாடினார், சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது.