ஆரோ ஆற்றில் கறுப்பு மணல் மட்டுமே மிஞ்சுகிறதா?

நியூசிலாந்தின் ஆரோ ஆற்றில் தங்கம் தேடி இரண்டு மணி நேரம் மணலைத் தட்டில் அலசியும் கறுப்பு மணல்தான் மிஞ்சியது என்கிறீர்கள். மனம் தளராதீர்கள். அதைத் தட்டில் நிறுத்தத் தெரிந்ததே பாதி வெற்றி. இரும்பு கலந்த அந்தக் கறுப்பு மணல் நீரைப்போல் சுமார் 5 மடங்கு அடர்த்தியானது, தங்கமோ 19 மடங்கு. மணலே தட்டில் நின்றால் தங்கமும் நிற்கும்.

கரையோர மேல்மணலை அள்ளியதுதான் தவறு என்று நினைக்கிறேன். ஆறு வளையும் இடத்தின் உட்கரை, பெரும்பாறைகளின் பின்புறம் என்று நீரின் வேகம் தணிந்து தங்கம் படியும் இடங்களைத் தேடுங்கள். எனக்குப் பிடித்தவை அடிப்பாறை வெடிப்புகள். அவற்றில் இறுகிக் கிடக்கும் களிமண்ணைப் பழைய ஸ்பூனால் கடைசிச் சிட்டிகை வரை சுரண்டி எடுங்கள்.

தட்டைச் சாய்க்கும் முன் நீருக்குள் மட்டமாகப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். புதுத் தட்டா? சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெல்லிய தங்கத் துகள்கள் மிதந்தே போய்விடும். ஏதாவது மின்னினால் கையால் நிழல் காட்டிப் பாருங்கள். மைக்கா என்ற பளபளக்கும் கனிமம் என்றால் மங்கிவிடும், தங்கம் அதே மஞ்சளில் நிற்கும்.

பொதுமக்களுக்கு ஒதுக்கிய பகுதியில் அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால் கைக்கருவிகள் மட்டுமே, மோட்டார் கூடாது. மழை பெய்த மறுநாள் மட்டும் ஆற்றில் இறங்காதீர்கள்.