மெயில் இணைப்பை கிராஃபுக்கு மாற்றுவதற்கு முன்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் நிறுவனத்தில் இன்வாய்ஸ் அனுப்புவது, வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்வது எல்லாம் ஒரே மென்பொருளில்தான். மெயில் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருக்கிறது. இதுவரை இடபிள்யூஎஸ் (மற்ற மென்பொருள்கள் மெயிலை எடுக்கவும் அனுப்பவும் மைக்ரோசாஃப்ட் தந்த பழைய வழி) மூலம் ஓடிக்கொண்டிருந்த இணைப்பை கிராஃபுக்கு (அதே வேலைக்கான புதிய வழி) மாற்றச் சொல்லி, மென்பொருளை விற்ற நிறுவனம் எழுதியிருக்கிறது. இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டுமா? மாற்றினால் பழைய மெயில்கள் போய்விடுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாது. மெயில்கள் மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் மென்பொருள் அவற்றைப் போய் எடுக்கிற வழிதான் மாறுகிறது. ஆனால் மென்பொருள் அந்த மெயில்களை எந்த அடையாளத்தை வைத்து நினைவில் கொண்டிருக்கிறது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கீழே அதற்கு வருகிறேன்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா என்றால், ஆம். இடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் சர்வரின் 2007 பதிப்புடன் வந்தது. அதில் இனி புது வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று 2018-லேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 365-இன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2026 அக்டோபர் முதல் அதை முடக்கப்போவதாக 2023-இல் அறிவித்தது. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் மெயில் பாக்ஸ்கள் எல்லாமே 365-இல்தான் இருக்கின்றனவா? சில நிறுவனங்களில் பாதி அங்கேயும் பாதி சொந்த சர்வரிலும் இருக்கும். சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு இந்தக் கெடு பொருந்தாது. அங்கே இருக்கும் மெயில் பாக்ஸை கிராஃப் வழியாகத் திறக்கவும் முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். இந்த மாற்றத்தில் சிரமம் தருவது பெரும்பாலும் மெயில் அல்ல, அனுமதி. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகும் பழைய முறையை இடபிள்யூஎஸ், மெயில் எடுக்கும் வேறு பழைய வழிகளான பாப், ஐமேப் ஆகிய மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது. கிராஃபிலும் அந்தப் பேச்சே இல்லை. உங்கள் மென்பொருளை ஒரு செயலியாகப் பதிவு செய்து, அதற்கென அனுமதி கொடுக்க வேண்டும். மென்பொருளை விற்ற வெண்டர் அனுப்பும் வழிகாட்டியில் பெரும்பாலும் "மெயில் படிக்க, மெயில் அனுப்ப, அட்மின் ஒப்புதல் கொடுங்கள்" என்று இரண்டு வரி இருக்கும். அட்மின் ஒரு பொத்தானை அழுத்துவார், எல்லாம் வேலை செய்யும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

செயலிக்கான அனுமதியை அப்படியே கொடுத்தால், அது உங்கள் நிறுவனத்தின் எல்லா மெயில் பாக்ஸுக்கும் செல்லுபடியாகும். புகார் பெட்டியைப் படிக்க வந்த மென்பொருள் முதலாளியின் மெயிலையும், சம்பளப் பிரிவின் மெயிலையும் படிக்கலாம். அவர்கள் பெயரிலேயே மெயில் அனுப்பவும் செய்யலாம். மென்பொருள் அப்படிச் செய்யாது என்று நம்பலாம். ஆனால் பாஸ்வேர்டு போல அது உள்ளே போகப் பயன்படுத்தும் ரகசியச் சாவி வெளியே கசிந்தால், எடுத்தவன் கையில் மொத்த நிறுவனமும் போய்விடும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் செயலிகளுக்கான பங்கு அடிப்படை அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. "இந்தச் செயலிக்கு இந்த இரண்டு மெயில் பாக்ஸ் மட்டும்" என்று அதில் கட்டிப்போடலாம். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இப்படிக் கட்டிய பிறகும் முதலில் கொடுத்த பொது அனுமதியை எடுக்காமல் விட்டால், இரண்டும் சேர்ந்தே செல்லுபடியாகும். கட்டியதற்குப் பயனே இல்லை. ஆகவே பொது அனுமதியை நீக்கிவிட்டு, சம்பந்தமில்லாத ஒரு மெயில் பாக்ஸைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மறுப்பு வர வேண்டும். அந்த மறுப்பை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை இந்த வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, மேலே சொன்ன அடையாளச் சிக்கல். ஒவ்வொரு மெயிலுக்கும் நீளமான ஓர் அடையாளக் கோவை உண்டு. 4127 என்ற புகாரைத் திறந்து "மூல மெயிலைக் காட்டு" என்று அழுத்தினால், மென்பொருள் தன் தரவுத்தளத்தில் சேமித்து வைத்திருக்கும் அந்தக் கோவையை வைத்துத்தான் மெயிலைத் தேடும். இடபிள்யூஎஸ் தந்த கோவையும் கிராஃப் எதிர்பார்க்கும் கோவையும் ஒரே வடிவம் அல்ல. மாற்றாமல் விட்டால் பழைய புகார்களில் அந்த இணைப்பு அறுந்துவிடும். மெயில் இருக்கும், மென்பொருளுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றித்தரும் வசதி கிராஃபிலேயே இருக்கிறது. "பழைய மெயில் அடையாளங்களை நீங்கள் மாற்றித் தருவீர்களா?" என்று வெண்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் கிராஃபின் சாதாரண அடையாளம் மாறிவிடும். 'முடிந்தவை' ஃபோல்டருக்கு ஒருவர் இழுத்துப்போட்டாலே இணைப்பு போய்விடும். மாறாத அடையாளம் என்று தனியாகக் கேட்டுப் பெறலாம், அந்த மெயில் பாக்ஸுக்குள் எங்கே நகர்த்தினாலும் அது நிலைக்கும். வெண்டர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னால், வேலை தெரிந்தவரிடம்தான் இருக்கிறீர்கள்.

இன்வாய்ஸ் அனுப்பும் பக்கத்தில் அட்டாச்மென்டைக் கவனியுங்கள். கிராஃபில் 3 எம்பிக்குக் குறைவான கோப்பை நேரடியாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாக ஏற்றும் வேறு முறை. சின்ன பிடிஎஃப் வைத்து டெஸ்ட் செய்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. நீங்கள் அனுப்பியதிலேயே பெரிய இன்வாய்ஸை எடுத்து அனுப்பிப் பாருங்கள். அப்புறம், மென்பொருளின் லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) சர்வரின் பதிலாக 202 என்று வந்தால் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள் அல்ல. சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். 429 வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கில் இன்வாய்ஸ் தள்ளுகிறீர்கள் என்றால், மென்பொருள் பொறுத்திருந்து திரும்ப அனுப்புகிறதா என்று அந்த நெரிசலிலேயே சோதித்துவிடுங்கள்.

மாறும் நாளில் பழைய இணைப்பையும் புதியதையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஓடவிடாதீர்கள். இரண்டும் ஒரே மெயிலை எடுத்தால் ஒரு புகார் இரண்டாகப் பதிவாகும். முதல் வாரம் தனியாக ஒரு சோதனைப் பெட்டியில் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு மாலையில் பழையதை நிறுத்தி, கடைசியாகப் பதிவான மெயில் எது என்று குறித்துக்கொண்டு, புதியதைத் தொடங்குங்கள். மறுநாள் காலையில் இன்பாக்ஸையும் புகார்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும். பத்து நிமிட வேலைதான்.

கடைசியாக, நான் நேரில் பட்ட ஒன்று. ஓர் இடத்தில் எல்லாவற்றையும் அழகாக மாற்றிக் கொடுத்தோம். ஒரு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வெள்ளி மாலையிலிருந்து ஒரு இன்வாய்ஸ்கூடப் போகவில்லை என்று போன் வந்தது. செயலியின் ரகசியச் சாவி காலாவதியாகியிருந்தது. அந்தத் தேதி எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது, நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. முடிந்தால் ரகசியச் சாவிக்குப் பதிலாக சர்டிஃபிகேட் (செயலியை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்) பயன்படுத்துங்கள். அதற்கும் காலாவதி உண்டு. எதுவானாலும் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாக, ஒருவருக்கு அல்ல, குறைந்தது இரண்டு பேரின் காலண்டரில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.