பிரிட்ஜ் சீட்டாட்டம்: பார்ட்னர் பாஸ் சொன்ன பிறகும் ஏலம் கேட்கலாமா?

கேள்வி: டீம் ஆட்டம், இரு பக்கமும் வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடும் நிலை) இல்லை. பார்ட்னர் 1 ஸ்பேடில் தொடங்கினார், வலப்பக்கம் 2 ஹார்ட். என் கை: ஸ்பேட் ராஜா 9 7 4, ஹார்ட் 6, டைமண்ட் ராணி 10 8 5 3, கிளப் 7 4 2. நான் 3 ஸ்பேடுக்குத் தாவினேன். இடப்பக்கம் 4 ஹார்ட். பார்ட்னர் பாஸ், வலப்பக்கமும் பாஸ். கையில் ஒற்றை ஹார்ட் இருக்கும்போது விட மனம் வரவில்லை. 4 ஸ்பேட் கேட்டேன். டபுள் (அபராதத்தைக் கூட்டும் சவால்) போட்டார்கள், சொன்னதில் ஒரு பிடி (வெல்லும் சுற்று) குறைந்தது. 4 ஹார்ட்டும் ஒரு பிடி குறைந்திருக்குமாம். பார்ட்னர் இன்னும் பேசவில்லை!

பதில்: உங்கள் 3 ஸ்பேட் அருமையான ஏலம். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாலு ஸ்பேட் உண்டு, புள்ளி (பெரிய சீட்டுகளின் மதிப்பு) இல்லை என்று அந்தத் தாவலிலேயே சொல்லியாயிற்று. வலுவும் இருந்திருந்தால் எதிரியின் சூட்டையே (சீட்டு இனத்தையே) எடுத்து 3 ஹார்ட் சொல்லியிருப்பீர்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் பார்ட்னர் பாஸ் போட்டார். உங்கள் கை அவருக்குத் தெரியும், அவர் கை உங்களுக்குத் தெரியாது. அப்படியிருக்க, முடிவு யாருடையது?

கணக்கும் அதையே சொல்கிறது. பிரான்ஸின் ழான்-ரெனே வெர்ன் சொன்ன மொத்தப் பிடி விதிப்படி பாருங்கள். உங்களிடம் 9 ஸ்பேட், அவர்களிடம் 9 ஹார்ட் என்று வைத்தால், இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 18 பிடி. 4 ஹார்ட் தேறினால் அவர்களுக்கு 10 பிடி, உங்களுக்கு 8. டபுளில் 300 கொடுத்து 420-ஐத் தடுக்கிறீர்கள். 120 மிச்சம், அதாவது 3 இம்ப் (டீம் ஆட்டத்தின் மதிப்பெண்). தேறாவிட்டால் ஆளுக்கு 9 பிடி. கைக்கு வரவேண்டிய 50-ஐ விட்டுவிட்டு 100 கொடுக்கிறீர்கள். 4 இம்ப் போச்சு. பார்ட்னரிடம் ஆறாவது ஸ்பேட் இருந்தால் கதை வேறு. ஆனால் அது தெரிந்தவர் அவர்தானே, அவரே கேட்டிருப்பார்.

கேள்வி: ஸ்பேட் ராஜா 7, ஹார்ட் ஏஸ் ராணி 8 6 3, டைமண்ட் ஏஸ் 8 4, கிளப் ராஜா 10 5. ஐந்து ஹார்ட் இருக்கிறதே, தொடங்குவது 1 ஹார்ட்டிலா, 1 நோ ட்ரம்ப்பிலா (துருப்பு இல்லாத ஆட்டம்)?

பதில்: 1 நோ ட்ரம்ப். 1 ஹார்ட்டில் தொடங்கி, பார்ட்னர் 1 ஸ்பேட் சொன்னால் அப்புறம் என்ன சொல்வீர்கள்? அந்த இரண்டாம் சுற்றில் 1 நோ ட்ரம்ப் என்றால் 12–14 புள்ளி, 2 நோ ட்ரம்ப் என்றால் 18–19. உங்கள் 16-க்கு இடமே இல்லை.

கேள்வி: எங்களுக்குள் 23 புள்ளிதான், வல்னரபிள். 4 ஹார்ட் வரை போகலாமா?

பதில்: டீம் ஆட்டமென்றால் தயங்காமல் போங்கள். 9 பிடியிலோ 10 பிடியிலோ முடியும் கையாக இருந்தால், தேறும்போது 170-க்குப் பதில் 620. 10 இம்ப் லாபம். தேறாதபோது 140 வரவு போய் 100 நஷ்டம், 6 இம்ப். பதினாறில் ஆறு, அதாவது நூற்றுக்கு 38 தடவை தேறினாலே போதும். ஜோடி ஆட்டத்தில் பாதிக்குப் பாதியாவது தேற வேண்டும்.

கேள்வி: பார்ட்னர் வெகுநேரம் யோசித்துவிட்டு பாஸ் போட்டார். எனக்கு எல்லைக்கோட்டுக் கை. கேட்கலாமா?

பதில்: பிடிங் பாக்ஸில் (ஏலச் சீட்டுப் பெட்டியில்) விரல் சீட்டுகளின் மேல் ஊர்ந்து, பாதி இழுத்து, திரும்பவும் பச்சை பாஸ் சீட்டுக்கே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் “எனக்கும் ஏதோ இருக்கிறது” என்று அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டத்தின் 16-ஆவது விதி அதைப் பயன்படுத்த விடாது. பாஸ் என்பதும் நியாயமான வழியாக இருந்தால், யோசனை சுட்டிக்காட்டிய வழியை நீங்கள் எடுக்கக் கூடாது. எல்லைக்கோட்டுக் கை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாஸ் போடுங்கள். யோசித்ததற்காகப் பார்ட்னரைக் கோபிக்க வேண்டாம், யோசிப்பது குற்றமில்லை.