மதியத்தில் மக்கர் பண்ணும் பெட்டி

அன்புள்ள சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு ஃபஸ் பெடல் நானே செய்தேன். பழைய ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்தான், இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். இரவில் அருமையாகப் பாடுகிறது. மதியம், ஷீட் போட்ட மாடி அறையில், அதே பெடல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரக்கிறது. நாதம் பாதியிலேயே அறுந்துபோகிறது. காரணம் தெரியாமல் மூன்று மாதமாகப் பெட்டியை மூடாமலேயே வைத்திருக்கிறேன். அலுமினியப் பெட்டிக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்றும் சொல்லுங்கள். "நல்லா இருக்கிற சத்தத்தைக் கெடுக்கிறதுக்கு ஒரு பெட்டியா?" என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

- ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் கேட்டதில் தவறே இல்லை. ஃபஸ் பெடல் செய்வது அதைத்தான். கிட்டாரிலிருந்து வளைந்து நெளிந்து வரும் அலையை அளவுக்கு மேல் பெருக்கி, அதன் தலையையும் காலையும் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் மூல ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்வரங்கள் கும்பலாக வந்து ஏறிக்கொள்கின்றன. இந்தச் சத்தம் ஊருக்குத் தெரிய வந்ததும் ஒரு பழுதால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மிக்ஸரின் ஒரு சேனல் கெட்டுப்போய், அதன் வழியாகப் போன பேஸ் கிட்டார் உறுமலாகப் பதிவானது. அதைத் தூக்கிப் போடாமல் பாட்டிலேயே விட்டார்கள். அங்கிருந்த பொறியாளர் கிளென் ஸ்நாடி அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் சர்க்யூட்டை உருவாக்கினார். 1962-இல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

நாஷ்வில் கதை அப்பாவிடம் எடுபடாது என்றால் தம்புராவைச் சொல்லுங்கள். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு துண்டு நூலை வைத்து, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். அதை எடுத்துவிட்டால் கம்பி சுத்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் அந்த ரீங்காரம் போய்விடும். மிருதங்கத்தின் வலந்தலையில் தோலுக்கு இடையில் குச்சியோ கல் ரவையோ செருகுவதும் இந்த வேலைக்குத்தான். குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்றே பிரித்துச் சொல்கிறோம். சத்தத்தைக் கொஞ்சம் கெடுத்து ருசி ஏற்றுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

சரி, மதியத்துக்கு வருவோம். உங்கள் சால்டரிங்கில் கோளாறு இல்லை, கோளாறு சூரியனில். ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்குக் கசிவு என்ற குணம் உண்டு. அதன் மூன்று கால்களில் சிக்னல் நுழையும் பேஸ் காலில் எதுவும் கொடுக்காதபோதும் உள்ளுக்குள் கொஞ்சம் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு ஏறினால் அதுவும் ஏறும். சுமாராக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இரண்டு மடங்கு. இரவில் 27 டிகிரி, மதியம் ஷீட்டுக்குக் கீழே 42 டிகிரி என்று வையுங்கள். கசிவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். முதல் டிரான்சிஸ்டரின் கசிவை இரண்டாவது பெருக்கிக் கொடுக்கும். பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போது நிற்க வேண்டிய வோல்டேஜ், இடம் நகர்ந்துவிடும். கரகரப்பு அதனால்தான். அந்த சர்க்யூட் பிறந்தது 1966-இல், லண்டனில். அக்னி நட்சத்திரத்தை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை.

மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் (சிக்னல் வெளியே வரும் கால்) கிரவுண்டுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று இரவில் ஒரு முறை, மதியம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். 9 வோல்ட் பேட்டரிக்கு சுமார் 4.5 இருக்க வேண்டும். டிரான்சிஸ்டரில் பிஎன்பி, என்பிஎன் என்று எதிரெதிர்த் திசையில் இரண்டு வகை. உங்களுடையது பிஎன்பி ஜெர்மானியமாகத்தான் இருக்கும், அதனால் மீட்டர் மைனஸ் காட்டும், பயப்பட வேண்டாம். மதியத்து எண் வேறெங்கோ போயிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 20 கிலோ ஓம் பிரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டு 4.5-க்குக் கொண்டுவாருங்கள். மதியத்துக்குச் சரிசெய்தால் இரவில் தப்பும், அது வேறு விஷயம். அதனால் நம் ஊருக்கு அதைப் பிரீசெட்டாக உள்ளே ஒளித்து வைக்காமல் வெளியே மூன்றாவது குமிழாகவே வைத்துவிடுவது நல்லது என்பது என் கட்சி.

இன்னொரு வழி, முதல் டிரான்சிஸ்டரை மட்டும் சிலிக்கானாக மாற்றுவது. பிசி557 போதும், அதுவும் பிஎன்பி. கெயின், அதாவது பெருக்கும் அளவு, குறைந்த ஏ வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது இடத்தில் உங்கள் ஜெர்மானியமே இருக்கட்டும். சூட்டுத் தொந்தரவு வெகுவாகக் குறையும், சத்தத்தில் பழைய மிருதுத்தன்மையும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டையும் சிலிக்கானாக்கி, என்பிஎன்னில் பிசி108 போட்டால் வெயில் பயமே இல்லை. ஆனால் பேட்டரியும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களும் திசை மாறும், மறக்காதீர்கள். சத்தமும் கூர்மையாகும். நான் அப்படிச் செய்த ஒன்று புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு நாள் மதியம் கிட்டாரைத் தொடாமலேயே வானொலிச் செய்தி வாசித்தது. கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 100 பிகோ ஃபாரட் கப்பாசிட்டர் போட்ட பிறகுதான் வாயை மூடியது.

ஜெர்மானியத்தை விட மனசில்லை என்றால் கசிவு குறைந்த ஜோடியைத் தேடுவதுதான் வழி. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் அவுட்புட்டில் ஏசி128 ஜோடியாக உட்கார்ந்திருக்கும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் செத்த ரேடியோ எதைப் பார்த்தாலும் நான் முதலில் பின்மூடியைத்தான் திறப்பேன். கழற்றும்போதும் வைக்கும்போதும் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு சால்டர் செய்யுங்கள், சூடு இடுக்கியில் இறங்கிவிடும். சாக்கெட் வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

இனி மூடாத பெட்டி. மூன்று மாதம் என்று வெட்கப்படாதீர்கள், என் முதல் பெடல் இரண்டு வருடம் திறந்தே கிடந்தது. இன்னொரு கப்பாசிட்டர் மாற்றிப் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். கடல் காற்று அதற்குக் காத்திருக்கவில்லை. போர்டில் செம்பு பச்சை பூத்தது, ஜாக்கின் ஸ்பிரிங் துரு ஏறித் தளர்ந்தது, ஸ்க்ரூ தலைகள் பொடிந்தன. நம் ஊர்களில் மூடியும் பெயின்ட்டும் சர்க்யூட்டின் உறுப்புகள்தான். பயாஸ் சரியான அன்றே மூடுவதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஸ்க்ரூ மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக வாங்குங்கள்.

ஓட்டைகளை எல்லாம் போட்டு முடித்த பிறகே பெயின்ட். நான் தலைகீழாகச் செய்தேன். டிரில் கடைசி ஓட்டையில் ஒரு சில்லுப் பெயின்ட்டைப் பெயர்த்துக்கொண்டு போனது. பெட்டியைப் பாத்திரச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பர். இதற்குப் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது, கை எண்ணெய் போதும் பெயின்ட் உரிய. அலுமினியத்தில் சாதாரண பிரைமர் பிடிக்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் கேளுங்கள். வண்டி டேங்க்குக்குப் பெயின்ட் அடிக்கும் டிங்கரிங் பட்டறை ஏதாவது பக்கத்தில் இருக்கும். அடுத்த டேங்க் அடிக்கும்போது இதையும் சேர்த்து ஒரு கை அடித்துத் தரச் சொல்லுங்கள். டீ செலவோடு முடியும், நிறத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

நீங்களே ஸ்ப்ரே கேன் வாங்கி அடிப்பதானால் தை பிறக்கட்டும். பனி விலகி, கடல் காற்று எழும்புவதற்கு முன்னால் ஒரு இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதுதான் வேளை. நான் ஐப்பசி மழைக்கு நடுவில், கொஞ்சம் வெளிவாங்கியதே என்று மொட்டை மாடியில் லாக்கர் அடித்தேன். கறுப்புப் பெட்டியில் பால் கொட்டியதுபோல் வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிவதால் வருவது அது. மெல்லிசாக நாலைந்து தடவை அடியுங்கள், ஒரே தடவையில் மூழ்கடிக்க வேண்டாம். மூக்குக்குத் துணி கட்டினால் போதாது, பெயின்ட் ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் மாஸ்க் போடுங்கள். பிறகு ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

பெட்டிக்கு உள்பக்கம், ஜாக் உட்காரும் இடத்தைச் சுற்றி மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் பெட்டிக்கு கிரவுண்ட் கிடைக்காமல், நாளெல்லாம் ட்யூப் லைட் மாதிரி ஹம் கேட்கும். அப்புறம் ஒன்று: பிஎன்பி ஃபஸ்ஸில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்துச் செருகினால் ஷார்ட் ஆகும். 9 வோல்ட் பேட்டரியே போடுங்கள், இந்த சர்க்யூட் குடிக்கிற கரன்ட்டுக்குப் பல மாதம் வரும்.

கடைசியில் பெயர் எழுதுவது. ரேடியம் ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கி ஒட்டுவது சுலபம், மேலே ஒரு கோட் கிளியர் அடித்தால் உரியாது. நான் ஒரு துண்டுச் சீட்டில் 'ஃபஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் முன்னால் இருந்த மூன்று புள்ளியைப் பேனா உதறியது என்று நினைத்துவிட்டார். திரும்பி வந்தபோது மஞ்சள் ரேடியத்தில் 'பஸ்' என்று பெரிதாக வெட்டி வைத்துக்கொண்டு, "எந்த ரூட்டுண்ணு சொல்லலையே சார்?" என்று கேட்டார். காசு கொடுத்தாகிவிட்டது, அதையே ஒட்டினேன். இன்றைக்கும் நான் அந்த சுவிட்சை மிதித்தால் பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் பின்னாலிருந்து டபுள் விசில் கொடுப்பார்.